உளவியல் அடிப்படைத் திறன் பயிற்சி: யார் சேரலாம், எதற்காகச் சேரலாம்

முதுகலை உளவியல் முடித்துவிட்டு, கிளையன்ட் (ஆலோசனைக்கு வருபவர்) முன்னால் தனியாக உட்காரத் தயங்குகிறவர்களுக்கான ஆன்லைன் பயிற்சி ஒன்றை முடித்திருக்கிறேன். நேர்காணல், மதிப்பீடு, தற்கொலை ஆபத்தை எடைபோடுவது, நெறிமுறை, குறிப்பு எழுதுவது எல்லாம் பாடத்தில் உண்டு. சேரலாமா என்று கேட்டால் சேரலாம், முக்கியமாக ரோல் பிளே, அதாவது நடித்துப் பழகும் வகுப்புகளுக்காக.

ஒருவர் ஆலோசகர், ஒருவர் கிளையன்ட், மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பவர். பேசியதைப் பதிவு செய்து வரி வரியாகப் பார்க்கிறார்கள்: இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை தவிர வேறென்ன பதில் வரும், அவர் குரல் தழுதழுத்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினீர்கள், அந்த மௌனத்தை இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாமே என்று. நேர்காணலைச் சின்னச் சின்னத் திறன்களாகப் பிரித்துப் பழக்கும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஆலன் ஐவியும் அவர் குழுவினரும் 1960களிலேயே தொடங்கிவிட்டார்கள். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் முன்வைத்த ஒத்துணர்வு (எதிரில் இருப்பவரின் உணர்வை அவர் இடத்திலிருந்து புரிந்துகொள்வது), நிபந்தனையற்ற ஏற்பு பற்றியெல்லாம் நாம் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருப்போம். ஆனால் "உங்களால மட்டும் என்ன செஞ்சிட முடியும்?" என்று எரிச்சலோடு கேட்கிறவரிடம் நம் தகுதியைச் சொல்லி வாதாடாமல், "போன இடத்துலல்லாம் ஏமாற்றம்தான், இங்கயும் அப்படித்தான் ஆகுமோன்னு இருக்கு, இல்லையா?" என்று சொல்ல வாய் பழக வேண்டும். அது இங்கே பழகுகிறது.

தற்கொலை எண்ணம் பற்றிய வகுப்பும் அருமை. கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலருக்குப் பயம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. எண்ணம் இருக்கிறதா, திட்டம் இருக்கிறதா, அதற்கான வழி கையருகே இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்று சுற்றிவளைக்காமல் கேட்கப் பழக்கினார்கள். அப்புறம், "இனி செய்ய மாட்டேன்" என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதை விட்டுவிட்டு, நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றைக் கிளையன்டோடு சேர்ந்தே எழுத வைத்தார்கள்.

மதிப்பீட்டுப் பகுதிதான் ஏமாற்றம். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்கியூ-9இல் 0 முதல் 27 வரை மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அது முதற்கட்ட வடிகட்டல்தான், நோயறிதல் இல்லை என்பதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம் ஒன்பதாவது கேள்வி. மொத்த மதிப்பெண் 6தான் வந்திருக்கிறது, ஆனால் செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் சில நாட்கள் வந்ததாக அந்தக் கேள்வியில் குறித்திருக்கிறார் என்றால், அவர் அறையை விட்டுப் போவதற்குள் அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்க்கப் பழகியவர் இதைத் தவறவிட்டுவிடுவார், அதுதான் எனக்குக் கவலை.

குறிப்பு எழுதும் வகுப்பு சுமார். ரகசியம் காப்பதன் எல்லைகளை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்றார்கள், சரி, எந்த வார்த்தைகளில் சொல்வது என்று பழக்கவில்லை.

பெரிய குறை, பயிற்சி முடிந்ததும் சூப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை, கிடையாது. தனியாகத் தொழில் செய்யத் தயாராகிவிடுவீர்கள் என்று விளம்பரத்தில் போடுவதை நான் ஏற்க மாட்டேன். இந்தச் சான்றிதழ் உரிமம் ஆகாது, உரிமத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் தனி விதிகள் இருக்கின்றன. இதுபோன்ற எந்தப் பயிற்சியில் சேர்வதானாலும் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர், என் பதிவை உட்கார்ந்து கேட்டுக் கருத்துச் சொல்லப்போவது யார்?