வோர்டெக் எம்பி10: மூன்றடி மெரைன் டேங்குக்கு ஒன்று போதுமா?

கடல்நீர் மீன்தொட்டியில் ஓட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "மணிக்கு எத்தனை லிட்டர்?" என்றுதான். அதைவிட முக்கியம், தண்ணீர் எவ்வளவு அகலமாக வருகிறது, அதன் போக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஈகோடெக் மெரைன் செய்யும் எம்பி10-ஐ இந்த இரண்டையும் வைத்தே எடைபோட வேண்டும்.

இதன் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது காந்தமும் விசிறியும் கூண்டும் மட்டுமே. நம் ஊர் வெயிலுக்கு இது பெரிய வசதி, மோட்டாரின் சூடு பெரும்பாலும் தண்ணீரில் இறங்காது. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீர் 6.2 தான். சூடு ஏற ஏற அதுவும் குறையும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத டேங்கில் ஒவ்வொரு வாட்டும் கணக்கில் வரும்.

எம்பி10-இன் க்வைட் டிரைவ் (சத்தம் குறைந்த) மாடலுக்குக் கம்பெனி சொல்லும் உச்ச அளவு மணிக்கு 1500 கேலன், அதாவது சுமார் 5700 லிட்டர். 3 x 1.5 x 1.5 அடி டேங்கில் கிட்டத்தட்ட 180 லிட்டர் பிடிக்கும். ஆக, மணிக்கு டேங்கின் கொள்ளளவைப் போலச் சுமார் 30 மடங்கு. லெதர் போன்ற மென்பவளங்களுக்கும், ஜோவாந்தஸுக்கும், விரல் போன்ற நீட்சிகள் கொண்ட ஹாமர், டார்ச் கல்பவளங்களுக்கும் 10 முதல் 20 மடங்கு போதும். கிளைவிட்டு வளரும் கல்பவளமான அக்ரோபோராவுக்கு 40-க்கு மேல் வேண்டும். காகிதத்தில் ஒன்று போதும் போலத் தெரியும். ஆனால் லைவ் ராக்கின் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் பாறை) பின்பக்கம் செத்த மூலையாகவே கிடக்கும். கசடு படிவதும் சிவப்பு சயனோ பாக்டீரியா படர்வதும் அங்கேதான். மைசிஸ் (உறைந்த சிற்றிறால் தீனி) உருக்கிய தண்ணீரை சிரிஞ்சில் எடுத்துப் பாறைக்குப் பின்னால் விட்டுப் பாருங்கள். கலங்கல் பத்து விநாடிக்கும் நகராமல் நின்றால் அந்த இடத்துக்கு ஓட்டம் போகவில்லை.

வாங்கும் முன் கண்ணாடியை அளந்துவிடுங்கள். எம்பி10 தாங்குவது 10 மி.மீ. வரைதான். 12 மி.மீ. கண்ணாடியில் காந்தப் பிடி தளரும், விசிறி வழுக்கும், உள்பாகம் கழன்று மணலில் விழும். அந்த டேங்குக்குப் பெரிய மாடலான எம்பி40-தான் சரி. வளைந்த கண்ணாடியில் பொருத்தவே வேண்டாம். சுவரை ஒட்டி நிற்கும் டேங்கானால் மோட்டாருக்கும் கைக்கும் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் பம்பைப் போல இல்லாமல் தண்ணீரை அகலமாகத் தள்ளுவதுதான் இதன் உண்மையான பலம். பலவீனமும் கூடவே வருகிறது. முனையைத் திருப்ப முடியாது, கண்ணாடிக்கு நேர் எதிரேதான் போகும். அதனால் வைக்கும் இடமே எல்லாம். அகலம் குறைந்த பக்கக் கண்ணாடியில், நடு உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். மேல்மட்டத்தை ஒட்டி வைத்தால் சுழல் காற்றை இழுத்து நுண்குமிழிகளைப் பரப்பும். கீழே இறக்கினால், அதுவும் சர்க்கரை போன்ற பொடி மணலாக இருந்தால், மணல் பறந்து பவளத்தின் மேல் உட்காரும். எதிரே ஒரு அடிக்குள் ஹாமரோ டார்ச்சோ வேண்டாம். அவற்றின் விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் சில வாரங்களில் எலும்பு விளிம்பில் சதை கிழியத் தொடங்கும்.

பம்பு ஓடும் விதத்தை மாற்றும் மோட்களில் தினசரிக்கு நல்லது ரீஃப் கிரெஸ்ட் அல்லது லகூன், இரண்டுமே வேகத்தைத் தாறுமாறாக மாற்றுபவை. லகூன் மென்மையானது. விட்டுவிட்டு ஓடும் ஷார்ட் பல்ஸ் மோடில் அலை எழுப்ப விரும்பினால் டேங்கின் நீளத்துக்கு ஏற்ற நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி ஆழம் என்றால் தண்ணீர் ஒரு முறை போய்த் திரும்பச் சுமார் 1.1 விநாடி ஆகும். பம்பு ஓடும் நேரமும் ஓயும் நேரமும் சேர்ந்து அதற்கு இணையாக வரும்வரை குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அலை கூடியதும் ஸ்டாண்டும் லேசாக ஆடும். ஸ்டாண்ட் பலமாக இல்லையென்றால் இந்த மோடையே தொடாதீர்கள், சிலிக்கான் இணைப்புகளுக்கு நல்லதல்ல. புது டேங்கில் 30 சதவீதத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டுவது பவளங்களுக்குப் பாதுகாப்பு.

இரண்டு எம்பி10 வாங்கி எதிரெதிரே வைத்து, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி வயர்லெஸ்ஸில் இணைத்துவிட்டால் மூன்றடி டேங்கில் செத்த மூலை என்ற பேச்சுக்கே இடம் குறைவு. ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால், அதே பணத்தில் நடுத்தர விலை டிசி வேவ்மேக்கர் இரண்டு வாங்குவதே மேல். இரண்டடி டேங்குக்கு ஒரு எம்பி10 தாராளம்.

பராமரிப்பில் கஞ்சத்தனம் கூடாது. கல்போலப் படியும் கோரலைன் பாசியும் சுண்ணாம்பும் விசிறியில் ஏறினால் முதலில் சத்தம் வரும், பிறகு ஓட்டம் குறையும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்பாகத்தைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அப்படியும் கடகடத்தால் தேய்மானம்தான், உள்பாகம் மட்டும் தனியாகக் கிடைக்கும். வெளி மோட்டார் நனையக் கூடாது. அதன்மேல் படியும் உப்பை உலர்ந்த துணியால் வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள். அனிமோன் வளர்ப்பவர்கள், அது நகர்ந்து வந்து விசிறியில் சிக்காமல் இருக்க, கூண்டின் மேல் ஸ்பாஞ்சு உறை போட்டே ஆக வேண்டும். அந்த உறை இரண்டு மூன்று நாளில் அடைத்துக்கொள்ளும், எடுத்து அலச மறந்தால் ஓட்டம் பாதியாகிவிடும்.