வெண்புள்ளிக்கு "90 நாள் கேரண்டி"ன்னு லாட்ஜ்ல முகாம் போடுறாங்களா? போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

எனக்கு வெண்புள்ளி இருக்கு. உதட்டோரம், விரல் நுனி, முழங்கால். காலேஜ் கடைசி வருஷத்துல ஆரம்பிச்சது, எனக்கு அது பழகிடுச்சு, வீட்லதான் யாருக்கும் பழகல, அதுவும் ஜாதகத்தை வெளிய எடுத்ததுல இருந்து தினம் ஒரு பேச்சு. அந்த நேரம் பார்த்து எங்க பெரியம்மா லோக்கல் சேனல்ல ஒரு வைத்தியர் ப்ரோகிராம் பார்த்துட்டு அம்மாவுக்கு போன் பண்ணிட்டாங்க.

இவங்களுக்கு ஆஸ்பத்திரின்னு ஒண்ணு கிடையாது, "டூர் ப்ரோகிராம்"தான். திங்கள் திண்டுக்கல், செவ்வாய் தேனி, புதன் மதுரைன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கும், எல்லாமே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ். கட்டில் மேல ஆல்பத்தை விரிச்சு வச்சிருக்காங்க, முன்னாடி போட்டோ பின்னாடி போட்டோ, ரெண்டாவது போட்டோல கையே வேற ஆளோட கை மாதிரி இருந்துச்சு, அதை நான் அங்கயே சொன்னேன், அம்மா தொடையில கிள்ளுனாங்க. டெஸ்ட் எதுவும் இல்ல. நாடி பிடிச்சு "ரத்தத்துல உஷ்ணம்"னு சொல்லிட்டு பேக்கேஜ் ரேட் சொன்னாரு. நாப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி, பாதி அட்வான்ஸ். பில் கேட்டதுக்கு வெள்ளைச் சீட்டுல தொகையை மட்டும் எழுதிக் குடுத்தாங்க.

மருந்து ரெண்டு. ஒண்ணு பேப்பர்ல மடிச்ச பொட்டலம், காலைலயும் ராத்திரியும் தேன்ல குழைச்சு சாப்பிடணும், லேபிள் கிடையாது. இன்னொண்ணு கறுப்பா ஒரு எண்ணெய், தடவிட்டு வெயில்ல உக்காரணும்.

இப்ப முக்கியமான விஷயம். வேலை செஞ்சுது. நெஜமாவே செஞ்சுது, முதல் மாசத்துலயே புதுசா புள்ளி வர்றது நின்னு போச்சு, முழங்கால்ல முடி இருக்குற இடத்துல எல்லாம் சின்னச் சின்னதா பிரவுன் புள்ளி வந்துச்சு. அம்மா அழுதுட்டாங்க, மீதிப் பணத்தைக் கேக்குறதுக்கு முன்னாடியே கட்டிட்டாங்க. எல்லாரும் ஏமாறுறது இந்த இடத்துலதான்.

அப்புறம் என் மூஞ்சி ரவுண்டா உப்ப ஆரம்பிச்சுது. சொந்தக்காரங்க "கல்யாணக் களை வந்துடுச்சு"ன்னாங்க. தொடையிலயும் வயித்துலயும் ஊதா கலர்ல கோடு கோடா. ஒரு நாள் எண்ணெய் கால்ல வழிஞ்சு நல்ல தோல்லயும் பட்டுடுச்சு, மறுநாள் முட்டிக்குக் கீழ முழுக்க தண்ணி கோத்து கொப்புளம். போன் பண்ணா "விஷம் வெளியேறுதும்மா, நல்ல அறிகுறி"ங்குறாரு. கொப்புளம் ஆறுன இடத்துல, அது வரைக்கும் ஒண்ணுமே இல்லாத இடத்துல, புதுசா ஒரு வெள்ளை.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில தோல் டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி என் உப்புன மூஞ்சியைப் பார்த்தே பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகப்பட்டுட்டாங்க. காலைல ரத்தம் எடுத்து கார்டிசால் (உடம்பே சுரக்குற ஸ்டீராய்டு) பார்த்தா ரொம்பக் கீழ, அதாவது உடம்பு தானா சுரக்க வேண்டியதை சுரக்குறதைக் குறைச்சிடுச்சு. பொடியை பட்டுன்னு நிறுத்தினாலும் ஆபத்தாம், அதனால டாக்டரே அளவு தெரிஞ்ச மாத்திரை குடுத்து கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. எண்ணெயோட வாசனையை வச்சு கார்போக அரிசிங்குற மூலிகை விதையா இருக்கும்னாங்க. அதுல சோராலென்னு ஒண்ணு இருக்கு, தோலை வெயில் தாங்காதபடி ஆக்கிடும், அளவு தப்புனா வெந்துடும். அதோட இந்த நோய்ல தோல் வெந்தாலோ உரசினாலோ அந்த இடத்துலயே புதுப்புள்ளி வரும்.

அதாவது அந்த ஆள் குடுத்தது முழுக்க பொய் மருந்துன்னு கூட சொல்ல முடியாது. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நிறம் குடுக்குற செல்லை அழிக்குறதுதான் வெண்புள்ளி, ஸ்டீராய்டு அந்தச் சண்டையை கொஞ்ச நாள் அமுக்கும். டாக்டருங்களும் குடுப்பாங்க, வேகமா பரவுறவங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் மட்டும், அதுவும் பிரஷர் சுகர் எல்லாம் பார்த்துக்கிட்டு. இங்க தினம் ரெண்டு வேளை, என்னன்னே சொல்லாம.

கேரண்டி பணம் திருப்பிக் கேட்டோம். பத்தியம் காத்தீங்களான்னு கேட்டாரு. அந்த லிஸ்ட் இன்னும் வீட்ல இருக்கு: புளி, மீன், தயிர், எலுமிச்சை, கத்தரிக்காய், கருவாடு, ஊறுகாய், வெளிச் சாப்பாடு எதுவுமே கூடாது. நம்ம ஊர்ல மூணு மாசம் புளி இல்லாம யாருங்க சாப்பிடுவா? பணம் திருப்பித் தரக் கூடாதுன்னே எழுதுன லிஸ்ட் அது. மீனும் பாலும் சேர்த்து சாப்பிட்டா இது வரும்ங்குறதும் கட்டுக்கதை, டாக்டரம்மா எதையும் ஒதுக்கச் சொல்லல. ஸ்டிக்கர் பொட்டை மட்டும் விடச் சொன்னாங்க, சில பொட்டோட பசையில இருக்குற கெமிக்கலே நெத்தியில வெள்ளை வர வைக்குமாம். தைராய்டு டெஸ்டும் எடுக்கச் சொன்னாங்க, ரெண்டும் சேர்ந்து வர்றது ஜாஸ்தியாம்.

இப்ப 311 நானோமீட்டர் யூவி லைட் ட்ரீட்மென்ட் போறேன், கூட தடவுற இடத்துல எதிர்ப்பு சக்தியை அமுக்குற டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்ட். ஆறு மாசமாவது பார்த்துட்டுத்தான் பலன் உண்டா இல்லையான்னே சொல்ல முடியும்னாங்க, மூஞ்சில நிறம் சீக்கிரம் திரும்ப வரும், விரல் நுனியிலயும் உதட்டுலயும் வர்றது கஷ்டம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அம்மாவுக்கு அது பிடிக்கல, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

பி.எஸ்.எம்.எஸ். படிச்ச சித்த மருத்துவர்களை நான் குறை சொல்லல, அவங்களைக் கேட்டா ரெஜிஸ்டர் நம்பர் சொல்வாங்க, மருந்து டப்பாவுல லைசென்ஸ் நம்பர் இருக்கும். வெண்புள்ளியைக் குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதே 1954ஆம் வருஷச் சட்டப்படி குத்தம், முதல் தடவைக்கே ஆறு மாசம் வரை ஜெயில் உண்டு. ஆனாலும் டிவில ஓடிட்டுத்தான் இருக்கு.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீங்க, நீங்களா நிறுத்தவும் நிறுத்தாதீங்க, அப்படியே எடுத்துட்டுப் போயி தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. நோட்டீஸ், பணம் கட்டுன சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வச்சிருங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் பதிஞ்சாச்சு. அந்த ஆளோட நம்பர் இப்ப ஸ்விட்ச் ஆஃப், ஆனா போன வாரம் வேற ஒரு பேர்ல அதே ஆல்பம் போட்டோவோட புது நோட்டீஸ் எங்க தெருவுக்கு வந்திருக்கு.