ஏற்காடு மலைப்பாதையில் எல்எஸ்டி: 3 வருடம், 38,000 கிலோமீட்டர்

"எல்எஸ்டி வந்திடுச்சா?" என்று சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் உட்கார்ந்து போனில் கேட்டபோது பக்கத்துக் கடைக்காரர் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அந்தப் பெயரில் ஒரு போதைப்பொருளும் உண்டே! இது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒற்றைச் சக்கரம் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வண்டிச் சாமான் என்று விளக்கியும் அவருக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

வண்டி ஒரு பழைய பிஎம்டபிள்யூ 328ஐ, எஃப்30 மாடல். கம்பெனியிலிருந்து வரும்போதே 245 குதிரைசக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை). இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவை நான் ட்யூன் வேறு செய்திருந்தேன். அத்தனையும் பின் சக்கரங்களுக்குத்தான் போகும். பெங்களூரு நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் தெரியாது. குறை தெரிந்தது அடிவாரம் தாண்டி மலை ஏற ஆரம்பித்த பிறகு.

20 கொண்டை ஊசி வளைவுகளில் இடப்பக்கம் திரும்புபவைதான் சோதனை. நாம் இடது ஓரமாக ஏறுவதால் அந்த வளைவு குறுகல், ஏற்றமும் செங்குத்து. வண்டியின் எடை வலப்பக்கம் சாய, இடது பின் சக்கரம் லேசாகிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அது மட்டும் வீணாகச் சுற்றும். மழைக்காலத்தில் பாறையிலிருந்து வழியும் தண்ணீரும் செம்மண்ணும் ரோட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்ஜின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவற்றை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல், நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி. ஒன்று இழுக்காமல் நின்றால் மற்றது எவ்வளவு முக்கினாலும் நுகம் திரும்புமே தவிர வண்டி நகராது. பிடி இல்லாத சக்கரம் எவ்வளவு டார்க் தாங்குமோ, அதே அளவுதான் பிடியுள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும். பிஎம்டபிள்யூவில் இதற்கு டிராக்ஷன் கண்ட்ரோல் என்ற எலக்ட்ரானிக் வைத்தியம் உண்டு: சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு மற்றதுக்குச் சக்தியைத் தள்ளும். ஒரு வளைவுக்கு அது போதும். இருபது வளைவில் பிரேக் சூடாகி வாடை வரும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு விடாமல் மின்னும். என் வண்டியில் முன் பிரேக் பேடுகளுக்கு முன்னாடியே பின் பேடுகள் தேய்ந்து போயின.

இந்தத் தலைவலி புதிதல்ல. 1930களில் ஆட்டோ யூனியன் ரேஸ் காரில் ஃபெர்டினாண்ட் போர்ஷே இதே தொல்லையால்தான் இசட்எஃப் கம்பெனியிடம் போய் நின்றார். அவருடைய கார் 160 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றவிடுமாம். நமக்கு 30-லேயே சுற்றுகிறது.

எந்த வகை எல்எஸ்டியை வாங்குவது என்பதில்தான் ஆறு மாதம் போனது. நண்பன் ஒருவன் தன் வண்டியில் கிளட்ச் பிளேட் வகை போட்டிருந்தான்; உள்ளே பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசி இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். கோவை செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் அதை ஓட்டிப் பார்த்தேன். வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளுகிற தள்ளு இருக்கிறதே, அடடா! உடனே ஆர்டர் போடத் தோன்றியது. திரும்பி வரும் வழியில் டீக்கடை முன்னால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினான், பின்னாலிருந்து "டக் டக்" என்று சத்தம். "அதெல்லாம் பழகிடும் மாப்ள" என்றான். பிளேட்டுகள் தேயும், கழற்றி மாற்ற வேண்டும், அதற்கென்று தனி ஆயில் வேண்டும். டிராக்குக்கே வாழ்க்கைப்பட்டவனுக்கு அது சரி. அம்மாவைக் கோயிலுக்கும், சரக்கைக் கடைக்கும் கொண்டுபோகிற வண்டிக்குச் சரிப்படாது.

ஆகவே ஹெலிகல் கியர் வகை. உள்ளே பிளேட் கிடையாது, சாய்வுப் பல் கியர்கள் மட்டும். ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பிக்கும்போதே, அது தாங்கும் டார்க்கைப் போல இரண்டரை, மூன்று மடங்கு மற்றதுக்குப் போகும். சத்தமில்லை, தனி ஆயிலும் தேவையில்லை. ஆனால் ஒரு ஓட்டை உண்டு: சக்கரம் முழுசாக அந்தரத்தில் நின்றால் கணக்கு கெட்டுவிடும். பூஜ்ஜியத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே. அதனால் அந்த நேரத்தில் உள்ளுக்குள் அழுத்தம் உண்டாக்கும் அமைப்புள்ள வேவ்ட்ராக் என்ற பிராண்ட் வாங்கினேன். இங்கே ஒரு சேதி: ஹெலிகல் போட்டவர்கள் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் வீரம் என்று நினைக்கிறார்கள். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் பிரேக் கொடுத்தால், அந்தக் கொஞ்சத்தை டிஃப் (டிஃபரன்ஷியல்) பெருக்கி மறுபக்கம் அனுப்பும். இரண்டும் கூட்டாளிகள். நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் வாசலில் பள்ளத்தில் சக்கரம் தொங்கியபோது அப்படித்தான் வெளியே வந்தேன்.

இனி பொருத்தின கதை. சாமான் வாங்குவதோடு வேலை முடியும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். என் வண்டியில் டிஃப் மேல் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் போல்ட் போடப்பட்டதல்ல, பற்றவைத்தது. லேத்தில் வெல்டை வெட்டி எடுத்து, போல்ட் போடும் விதமாக மாற்ற வேண்டும். உள்ளூரில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு வந்த அன்றே 80-ல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து "ஊ..." என்று கூவியது. "புதுசுங்கண்ணா, ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். ஆகாது. கியர் பல் ஒருமுறை தப்பாக உட்கார்ந்து ஓட ஆரம்பித்தால் அது தப்பாகவே தேயும்.

நல்லவேளை, நெடுநாள் ஓட்டவில்லை. கோவையில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பல்லில் நீலப் பசை தடவிச் சுற்றிப் பார்த்தார், டயல் கேஜ் வைத்து பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தார். "சாமான் நல்ல சாமான்தானுங்க தம்பி. உக்கார வெச்ச விதந்தான் தப்பு" என்றார். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களை மாற்றி, பேரிங் டைட் சரிசெய்து, மறுபடி பசை தடவி, பல்லின் நடுவில் தடம் விழும் வரை விடவில்லை. கூவல் அன்றோடு நின்றது. சாமான், வரி, இரண்டு தடவைக் கூலி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. டிஃப் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால், பேக்லாஷ் எத்தனை வைப்பீர்கள் என்று பட்டறையில் கேளுங்கள். பதிலாக எண் வராவிட்டால் சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்தில் தினசரி ஓட்டத்தில் வித்தியாசமே தெரியாது, அதுதான் இதன் அழகு. மலையில் மஞ்சள் விளக்கு மின்னுவது அபூர்வமாகிவிட்டது, பின் பேடும் நின்று உழைக்கிறது. பயப்பட வேண்டிய இடமும் ஒன்று உண்டு. முன்பு ஒரு சக்கரம் சுற்றினால் வண்டி நகராமல் நிற்கும், அவ்வளவுதான். இப்போது ஈரத்தில் அளவுக்கு மீறி மிதித்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், பின்பக்கம் விலகும். முதல் மழையில் பன்னிரண்டாவது வளைவில் அப்படி ஒரு தடவை நெஞ்சு வாய்க்கு வந்தது. தடுப்புச் சுவர் தள்ளியே இருந்தது, புண்ணியம். அன்றிலிருந்து பின் டயர் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்றுகிறேன். டயர் தேய்ந்து கிடக்கும்போது எல்எஸ்டிக்கு பட்ஜெட் போடுகிறவர்கள் முதலில் டயர் வாங்கட்டும்.

போன மாதம் அந்த டிராக் நண்பனிடம் சாவி கொடுத்து மேலே ஏற்றச் சொன்னேன். ஏற்காட்டில் லேடீஸ் சீட் வியூ பாயின்ட் வந்ததும் இறங்கி, "ஏன்டா, இதுல ஏதாச்சும் போட்டிருக்கியா இல்லையா?" என்று கேட்டான். அவனுடைய டிஃப் அப்போது பட்டறையில் பிரித்துக் கிடந்தது, பிளேட் மாற்ற.