சூடேறினால் நிற்கும் பழைய கார்: பாகத்தை மாற்றிப் பார்ப்பதா, நின்ற இடத்தில் சோதிப்பதா?

என்னிடம் கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும். ஆனால் கொஞ்ச காலம் முன்பு வரை, மே மாத மத்தியானத்தில் ஜிஎஸ்டி சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டினால், மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் பட்டென்று அணைந்துவிடும். ஓரங்கட்டி இருபது நிமிடம் விட்டால், எதுவும் நடக்காதது போல மறுபடி ஓடும்.

இதைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது ஒன்று. சூடு ஆறுவதற்குள், நின்ற இடத்திலேயே சோதிப்பது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்தவன் நான். இப்போது முழுக்க இரண்டாவது கட்சி.

மாற்றிப் பார்ப்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கருவி வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம். பிளக், ஃபில்டர் எல்லாம் பழைய வண்டியில் எப்படியும் மாற்ற வேண்டியவைதான். நன்றாக ஓடும் வேறொரு வண்டியிலிருந்து காயிலை (பிளக்கில் பொறி வர வோல்ட்டை ஏற்றித் தரும் பாகம்) கடன் வாங்கி மாட்டிப் பார்த்தால் செலவும் கிடையாது.

ஆனால் ஒரு விஷயம் இந்த வழியை அடியோடு கெடுத்துவிடுகிறது. இந்தக் கோளாறுக்குச் சூடு ஆறுவதே ஒரு ரிப்பேர். அதனால் என்ன செய்தாலும் பலித்த மாதிரித் தெரியும். முதல் தடவை நின்றபோது மெக்கானிக் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. "காயில்தான் சார், சூட்டுல போயிடுது" என்று புதிது மாட்டினார். வண்டி கிளம்பியது. மாட்டாமல் இருந்திருந்தாலும் கிளம்பியிருக்கும்! அடுத்த வாரம் வேறொருவர் ஏர் லாக் என்றார், அதாவது பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றினார், பத்து நிமிடத்தில் ஓடியது. அந்தப் பத்து நிமிடத்தில் காயில், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர், அதோடு இணைந்த சின்னக் கண்டன்சர் எல்லாம் சேர்ந்துதான் ஆறின. பெயர் என்னவோ துணிக்குப் போனது, பம்பும் மாறியது. அப்புறம் இரண்டு வாரம் சாயங்கால ஓட்டம் மட்டும்தான் என்பதால், சரியாகிவிட்டதாகவே நம்பினேன்.

ஏர் லாக் மேல் எல்லோரும் பழி போடக் காரணம் இருக்கிறது. பழைய வண்டிகளில் பம்ப் இன்ஜின் மேலேயே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். பெட்ரோலில் உள்ள லேசான பகுதி குறைந்த சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஆனால் பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் திணறி, குலுக்கி, இழுத்து இழுத்துத்தான் நிற்கும். கரண்ட் போனால் சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி நின்றுவிடும். என் வண்டி இரண்டாவது ரகம். இதைக் கவனிக்க எனக்கு ஒரு கோடை முழுக்கத் தேவைப்பட்டது.

நின்ற இடத்துச் சோதனைக்கு ஒரு பழைய பிளக், ஒரு டெஸ்ட் லாம்ப் (ஒரு முனையை எர்த்தில் மாட்டி, கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் சின்ன பல்பு), செல்ஃப் அடிக்க இன்னொரு ஆள், இவ்வளவு போதும். முதலில் பெட்ரோல்: இன்ஜினை அணைத்தபடி ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்சிலேட்டரை இழுத்தால் கார்புரேட்டர் வாய்க்குள் பெட்ரோல் பீச்ச வேண்டும். என் வண்டியில் பீச்சியது. ஃபில்டரைத் திரும்ப மூடியபின் அடுத்து கரண்ட்: காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரைப் பழைய பிளக்கில் செருகி, பிளக்கின் உடம்பு இன்ஜினைத் தொடும்படி வைத்து, மச்சானைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறியே இல்லை. (இதைக் கார்புரேட்டர் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். வயரைக் கையில் பிடிக்கவும் வேண்டாம், ஆயிரக்கணக்கான வோல்ட்.)

காயிலின் ப்ளஸ் பக்கம் லாம்ப் எரிந்தது. மைனஸ் பக்கம் வைத்துச் செல்ஃப் அடித்தால், சிபி பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் சுவிட்ச்) திறந்து மூடும்போது லாம்ப் மினுக்க வேண்டும். எரியவே இல்லை. கண்டன்சர் வயரைக் கழற்றினேன், மினுக்கத் தொடங்கியது. சூட்டில் கண்டன்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, கரண்ட்டை எர்த்துக்கு விட்டுக்கொண்டிருந்தது. மொத்தம் ஏழெட்டு நிமிடம். புதுக் கண்டன்சர் விலை, அன்று குடித்த இளநீர்ச் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வீட்டில் குளிர்ந்த காயிலை அளந்துவிட்டு நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். குளிரில் 3 ஓம் காட்டும் காயில், 60 டிகிரி கூடச் சூடானால் 3.7 வரை காட்டலாம். செம்பின் இயல்பு அது, கோளாறு அல்ல. உள்ளே இன்சுலேஷன் சூட்டில் விட்டுப்போனால் மீட்டரில் தெரியாமலும் போகலாம். அங்கே பிளக்கில் வரும் பொறிதான் சாட்சி.

கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் கார்களில் என் அனுபவம் மெலிந்தது. நண்பர் ஒருவரின் வண்டி இதே போல நின்றபோது கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) என்று ஸ்கேனரில் வந்தது, மாற்றியதும் நின்றது அந்தத் தொல்லை. அந்த ஒரு வண்டியை வைத்து நான் விதி சொல்ல முடியாது. அங்கே ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதே மேல் என்று தோன்றுகிறது.

கழற்றிப் போட்ட என் பழைய காயிலைத் திரும்ப மாட்டிவிட்டேன். இரண்டு கோடை ஓடிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய புதுக் காயில் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.