எந்த எண்ணை நம்புவது? விண்வெளி ஓடம், பி.எஸ்.எல்.வி., கோஸ்பார்

ஒரு ஏவுதலுக்கான எண் திட்டமிடும்போதே சூட்டப்படுகிறதா, ஏவி முடிந்த பிறகு சூட்டப்படுகிறதா என்பதைப் பொறுத்தே அதன் நம்பகம் அமைகிறது.

நாசா தன் விண்வெளி ஓடங்களின் பயணங்களை எஸ்.டி.எஸ். (விண்வெளிப் போக்குவரத்து அமைப்பு) என்ற பெயரில் எஸ்.டி.எஸ்.-1 முதல் எஸ்.டி.எஸ்.-9 வரை நேராக எண்ணியது. 1984இல் 41-பி என்ற புது வகைக் குறியீடு வந்தது. முதல் இலக்கம் அமெரிக்க நிதியாண்டையும், இரண்டாவது ஏவுதளத்தையும் (1 என்றால் கென்னடி, 2 என்றால் வாண்டன்பர்க்), கடைசி எழுத்து திட்டமிட்ட வரிசையையும் குறித்தன. வாண்டன்பர்க்கிலிருந்து ஓர் ஓடம்கூடப் புறப்படவில்லை என்பதால், அந்த இரண்டாவது இலக்கம் கடைசிவரை 1ஆகவே இருந்து எதையும் சொல்லாமல் போயிற்று. முதல் இலக்கமோ தவறாகவே சொன்னது: 1985ஆம் நிதியாண்டுக்குத் திட்டமிடப்பட்ட 51-எல், அதாவது ஏவியதும் வானிலேயே சிதறிய சேலஞ்சர் ஓடத்தின் கடைசிப் பயணம், 61-ஏ, 61-பி, 61-சி ஆகிய மூன்றும் சென்ற பிறகு, 1986 ஜனவரி 28 அன்றுதான் புறப்பட்டது. 25 பயணங்கள் முடிந்திருந்த நிலையில், 1988இல் நாசா எஸ்.டி.எஸ்.-26 என்று பழைய முறைக்கே திரும்பியது. ஆனாலும் எண்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டதால், எஸ்.டி.எஸ்.-113 சென்று வந்த பிறகே, 2003 ஜனவரியில், எஸ்.டி.எஸ்.-107 ஏவப்பட்டது.

ஸ்ரீஹரிகோட்டாவிலும் இதே கதைதான். 2008 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி. சி10 போன பிறகு ஏப்ரலில் சி9 போனது. சி12க்கு அடுத்து சி14 வந்தது, சி13 என்று ஒன்று ஏவப்படவே இல்லை. எனினும் இங்கே எண் ராக்கெட்டுக்கு உரியது என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். நாசாவின் இடைக்கால முறைக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

வரிசைதான் வேண்டும் என்றால், கோஸ்பார் என்ற சர்வதேச விண்வெளி ஆய்வுக் குழுவின் பெயரில், ஏவி முடிந்த பிறகு சூட்டப்படும் கோஸ்பார் எண்ணே தெளிவானது. சந்திரயான்-3இன் 2023-098ஏ என்ற எண், அந்த ஆண்டில் சுற்றுப்பாதையை எட்டிய 98ஆவது ஏவுதலின் முதல் பொருள் என்று பொருள்படும். தொடக்கத்தில் கிரேக்க எழுத்துகளில் எண்ணிவந்தவர்கள், ஏவுதல்கள் பெருகியதால் 1963இல் இலக்கங்களுக்கு மாறினார்கள். ஆனால் சுற்றுப்பாதையை எட்டாதவற்றுக்கு இதில் இடமில்லை. 1993இல் தோற்ற முதல் பி.எஸ்.எல்.வி.யை டி1 என்ற பெயரிலும், சேலஞ்சரின் கடைசிப் பயணத்தை 51-எல் என்ற அந்தக் குழப்பமான குறியீட்டிலும்தான் தேடியாக வேண்டும்.