கையெழுத்து வாங்கப் போன கதை: ஸ்டாலுக்கு 5க்கு 2, எழுத்தாளருக்கு ஃபுல் மார்க்

2024 ஜனவரி 14, போகி. காலைல எங்கம்மா பரண்ல இருந்த பழசெல்லாம் எடுத்து வாசல்ல குமிச்சாங்க, அதுல அட்டை கிழிஞ்சு போன என்னோட ஒரு நாவலும் கிடந்துச்சு. அத மட்டும் உருவி பைக்குள்ள போட்டுக்கிட்டேன், ஏன்னா அன்னைக்கு சாயந்தரம்தான் அத எழுதினவரு சென்னை புத்தகக் காட்சில ஒரு ஸ்டால்ல வாசகர்களோட பேசி கையெழுத்துப் போடறதா போஸ்டர் போட்டிருந்தாங்க. அவர் பேரும் ஸ்டால் பேரும் சொல்லல, கொஞ்சம் திட்டப் போறேன், அவங்க பொழப்புல எதுக்கு மண்ணப் போடணும்.

நந்தனம் மெட்ரோல இறங்கி ஒய்எம்சிஏ மைதானத்துக்கு நடந்தேன், 10 ரூவா டிக்கெட். 1977ல ஆரம்பிச்ச காட்சிக்கு இது 47வது தடவை, லீவு நாள் வேற, உள்ள கூட்டம்னா கூட்டம்.

5 மணின்னு போட்டிருந்தாங்க, அவரு கரெக்டா வந்துட்டாரு, ஸ்டால்காரங்கதான் ரெடியா இல்ல. நாலு பிளாஸ்டிக் சேர், ஒரு கை மைக். அது ரெண்டு தடவை கீச்சுன்னு கத்திட்டு அடங்கிடுச்சு. அப்புறம் அவரு வெறும் தொண்டைலயே பேசினாரு, மூணாவது வரிசைக்குப் பின்னாடி நின்னவங்களுக்கு வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். நான் இடிச்சுப் புடிச்சு முன்னாடி போயிட்டேன், மன்னிச்சுக்கங்க.

ஆனா பேச்சு சும்மா சொல்லக்கூடாது. கரிசக்காட்டு ஆளு, இன்னமும் கையாலதான் எழுதறாராம். அவரு 'மம்பட்டி'ன்னு எழுதிக் குடுத்தா டைப் பண்றவரு 'மண்வெட்டி'ன்னு அடிப்பாராம், இவரு திருத்தி அனுப்பினா புரூஃப் பாக்கறவரு மறுபடி மண்வெட்டியாக்கிடுவாராம், "மூணாவது புரூஃப்ல நானே மனசு விட்டுட்டேன்யா, அந்த நாவல்ல ஒரு எடத்துல மட்டும் என் சம்சாரி (விவசாயி) மண்வெட்டிய வச்சிக்கிட்டு நிக்கான், வாத்தியாரு வீட்டுல இரவல் வாங்கிருப்பான்னு நெனச்சிக்கோங்க"ன்னாரு. செம சிரிப்பு. அந்த மண்ணுக்கு எழுத்தாளர் கி.ரா (கி. ராஜநாராயணன்) வட்டார வழக்கு அகராதியே போட்டுட்டுப் போயிருக்காரு, இன்னும் அந்தச் சொல்லு எல்லாம் தப்புன்னு திருத்தறவங்க இருக்காங்க பாருங்க.

சரி, இப்ப திட்டு. பேச்சு முடிஞ்சு லைன்ல நின்னா, புது நாவல் வாங்கின பில்ல காட்டினாத்தான் கையெழுத்தாம். போஸ்டர்ல இத ஒரு வரி போட்டிருந்தா என்ன கொறஞ்சிடும்? 450 ரூவா புக்கு, 10 பர்சன்ட் கழிவு போக 405. வாங்கற ஐடியாலதான் போனேன், ஆனா கழுத்துல துண்டப் போட்டு வாங்க வச்ச மாதிரி ஆயிடுச்சு. பில் போட ஒரே ஆளு, ஜிபே சுத்திக்கிட்டே இருக்கு, எனக்கு முன்னாடி நின்னவரு வீட்டு அலமாரியவே பெயர்த்துட்டு வந்த மாதிரி பதினோரு புக்கு வச்சிருந்தாரு, அவர விட்டுட்டாங்க! அதுக்கு நடுவுல செல்ஃபி வேற. ஒண்ணே கால் மணி நேரம் கால் கடுக்க நின்னேன்.

என் முறை வந்து புதுசுல கையெழுத்து வாங்கிட்டு, மெதுவா பழச எடுத்தேன். ஸ்டால் பையன் "சார், பில்..."னு ஆரம்பிச்சான், அவரு கைய காட்டி நிறுத்திட்டு புக்க வாங்கித் தொறந்தாரு. முதல் பக்கத்துல எங்க ஏரியா லெண்டிங் லைப்ரரியோட ஊதா சீல், ஓரத்துல தேதி சீட்டு, கடைசியா 2009ல எவரோ எடுத்த தேதி.

"என்னய்யா, திருப்பிக் குடுக்கலையா நீ?"

"இல்ல சார், லைப்ரரிய மூடிட்டாங்க, எடைக்குப் போடும்போது 20 ரூவாக்கு எடுத்தேன்."

"இருவதா! என்கிட்ட கேட்ருந்தா பத்துக்கே குடுத்துருப்பேனே"ன்னுட்டு, அந்த சீலுக்கு நேர் கீழ நிதானமா எழுதினாரு: 'இனி திருப்பித் தர வேண்டியதில்லை.' கீழ கையெழுத்து, தேதி.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், அவரு இங்க் பேனாலதான் போடறாரு, காயறதுக்குள்ள மூடிடாதீங்க. புது புக்குல பையன் டப்புன்னு மூடிக் குடுத்ததுல கையெழுத்து எதிர்ப் பக்கத்துலயும் கண்ணாடில பாத்த மாதிரி பதிஞ்சிடுச்சு. பழசுல அந்த 405 ரூவா பில்ல நடுவுல வச்சு மூடினேன், அதுல தப்பிச்சுது.