ஜெஸ்ஸியா, ஜானுவா?

இன்றிரவு ஒரே ஒரு காதல் படம்தான் என்றால் எது? 'விண்ணைத்தாண்டி வருவாயா'வா (2010), '96'ஆ (2018)? இரண்டிலும் த்ரிஷா (முதலாவதில் ஜெஸ்ஸி, அடுத்ததில் ஜானு), இரண்டிலும் சேராத காதல். குழப்பம் நியாயம்தான்.

பாட்டு: முன்னதில் ஏ.ஆர். ரஹ்மான் இசை, தாமரை வரிகள். 'ஹோசானா' கேட்டாலே கால் தாளம் போடும்.
பின்னதில் கோவிந்த் வசந்தா. ஹெட்போனில், தனியாகக் கேளுங்கள்.

வேகம்: ஜெஸ்ஸியைக் காதலிக்கும் கார்த்திக் துரத்திக்கொண்டே இருப்பான். இன்று பார்த்தால் சில இடங்கள் 'விடுப்பா அந்தப் பெண்ணை' என்று சொல்லவைக்கும்.
ஜானுவின் ராம் தொடக்கூடத் தயங்குவான். படத்தின் பெரும்பகுதி ஒரே இரவுப் பேச்சு, பொறுமை வேண்டும்.

தாக்கம்: இங்கேதான் விஷயம். முதல் படத்தைக் கௌதம் மேனன் தமிழோடு தெலுங்கிலும் எடுத்தார். அங்கே மட்டும் ஜோடியைச் சேர்த்துவைத்தார். 2020 ஊரடங்கில் கார்த்திக்கையும் ஜெஸ்ஸியையும் ஃபோனில் பேசவைத்து, குறும்படமாகத் திரும்பக் கொண்டுவந்தார். பத்து வருடம் கழித்தும் ஃபோன் அடித்தால் நாம் எடுக்கிறோம், பாருங்கள்!
பிரேம்குமாரின் '96' கன்னடத்திலும் தெலுங்கிலும் போனது. தெலுங்கில் ஜெஸ்ஸியும் ஜானுவும் சமந்தாதான்! பள்ளி நண்பர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் படம் பேச்சில் வராமல் இருக்காது. ஜானுவின் மஞ்சள் குர்தாவைத் தனியாகச் சொல்லவேண்டுமா?

சரி, தீர்ப்பு. காதலில் புதிதாக விழுந்தவர்களுக்கு ஜெஸ்ஸி. நாற்பதை நெருங்கி, பழைய வகுப்புப் புகைப்படத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஜானு. நேற்றுத்தான் பிரிந்தவர்களா? இரண்டும் வேண்டாம், ஒரு வடிவேலு படம் போடுங்கள்.